ஏழாம் படுக்கையைத் தாழ்த்தியது யார்?

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. என் வீட்டுக்காரரே நம்பவில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் நான் அரளுகிற ஆள் இல்லை. இருபத்தாறு வருடமாக நர்ஸ் வேலை. உயிர் போன உடம்பைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, பசிக்கிறதே என்று சாப்பிட உட்கார்ந்தவள். பேய் பயமெல்லாம் எனக்குக் கிடையாது. எனக்கு இருந்த ஒரே பயம், இரவு ட்யூட்டியில் கண் அசந்துவிடுவேனோ என்பதுதான்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எங்களுடையது முக அறுவை வார்டு. தாடை உடைந்தவர்கள், உதடு கிழிந்தவர்கள், பல்லில் தொடங்கிக் கழுத்துவரை சீழ் கட்டியவர்கள் எல்லோரும் இங்கேதான் வருவார்கள். ஆண்கள் பக்கம் பன்னிரண்டு படுக்கை. நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் பெண்கள். அன்றைக்கு இரவு வரவேண்டிய நர்ஸ் மகளுக்குப் பிரசவம் என்று போய்விட்டாள். தொடர்ந்து மூன்றாவது இரவாக நான். முழங்கால் இரண்டும் எப்போதோ என்னைக் கைவிட்டுவிட்டன. நின்றால் வலி, உட்கார்ந்தால் தூக்கம். இதில் எது தேவலை என்று யோசித்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தேன்.

ஏழாம் படுக்கையில் ஒரு லாரிக்காரர். ஐம்பதைத் தாண்டிய ஆள், நல்ல உடம்பு. கடைவாய்ப் பல் வலிக்குப் பத்து நாளாக மாத்திரையை விழுங்கி விழுங்கி வண்டி ஓட்டியிருக்கிறார். பல்லைக் காட்ட நேரமில்லையாம். எங்களிடம் வந்தபோது தாடை எது, கழுத்து எது என்று தெரியாதபடி ஒரே வீக்கம். நாக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றது. எச்சிலை விழுங்க முடியவில்லை. வாய் அரை விரல்கூடத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் பெரிய டாக்டர் சீழை எடுத்தார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கீறி, இடுக்கியை மூடியபடி உள்ளே செலுத்தி, உள்ளே போனதும் விரிக்க வேண்டும். கத்தியால் ஆழத்தில் துழாவினால் நரம்பு போய்விடும். இடுக்கி சீழ்ப்பையைத் தொட்ட அந்த நொடியில் அறை முழுக்க நாற்றம் வந்துவிடும். பல்லில் பிறந்த சீழுக்கு ஒரு தனி நாற்றம் உண்டு. எனக்கு அது பழகிப்போய் வருடக்கணக்காகிறது. மிச்சம் வடிவதற்காக இரண்டு பக்கமும் ரப்பர் பட்டையை உள்ளே விட்டுத் தைத்து, மேலே பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

பெரிய டாக்டர் போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஆள் படுக்கக் கூடாது. சீழ் வெளிய வந்துடுச்சே தவிர வீக்கம் இன்னும் இருக்கு. மல்லாந்தா நாக்கு பின்னால விழும், மூச்சு அடைச்சிடும். தீவிர சிகிச்சைப் பிரிவுல இடம் இல்ல. ராத்திரி பூரா உக்காந்தே இருக்கட்டும். கெஞ்சுவாரு. விட்டுடாதீங்க."

"நான் பாத்துக்கறேன் சார்."

கெஞ்சுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நாலு நாள் தூங்காத உடம்புக்கு உயிர் பெரிதாகத் தெரியாது. தலையணைதான் பெரிதாகத் தெரியும். அதைவிட ஆபத்து, கூட இருக்கும் சொந்தக்காரர்கள். பாவம் பார்த்துப் படுக்கையைத் தாழ்த்திவிடுவார்கள். எங்கள் படுக்கைகளில் காலடியில் ஒரு கைப்பிடி இருக்கும். சுற்றினால் தலைப்பக்கம் ஏறும், இறங்கும். சுற்றும்போது கிரீச் என்று கத்தும். எண்ணெய் போடச் சொல்லி நான் எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

லாரிக்காரருக்குத் துணையாக அவர் மருமகன் இருந்தான். மகளைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகாத புது மாப்பிள்ளை. அவனைப் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினான். தொண்டையில் துளை போடும் கருவிகள் இருந்த ட்ரேயைத் துணியால் மூடிப் பக்கத்து மேசையில் வைத்தேன். அது தேவைப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் எப்போதும் வைப்போம்.

இரவு பதினொன்று நாற்பது.

தண்ணீர் எடுக்க வெளியே போனேன். தாழ்வாரத்து பெஞ்சில் மருமகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"யாரைக் கேட்டு எழுந்து வந்தே?"

"அந்தம்மாதான் சொன்னாங்க சிஸ்டர். நீ போய்ப் படுப்பா, நான் பாத்துக்கறேன்னாங்க."

"எந்தம்மா?"

"தாடையில கட்டுப் போட்டிருந்தாங்களே... உங்க ஆளுன்னு நெனச்சேன்."

பெண்கள் பக்கத்து நோயாளி யாரோ தூக்கம் வராமல் இங்கே வந்து பொதுச்சேவை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒருத்தி எல்லா வார்டிலும் இருப்பாள். ஊசி போட்டால் கத்துவாள், மற்றவர்களுக்கு வைத்தியம் சொல்வாள்.

உள்ளே போனேன். ஏழாம் படுக்கை பாதி இறங்கியிருந்தது.

லாரிக்காரரின் தொண்டையில் கர்... கர்... என்று ஒரு சத்தம். ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றி நிமிர்த்தினேன். எச்சிலை உறிஞ்சி எடுத்தேன். மூச்சு சீரானது. கண் திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினேன். யாரும் இல்லை.

மருமகனை மறுபடியும் நாற்காலியில் உட்காரவைத்தேன். "அந்தம்மா இல்ல, எந்தம்மா வந்து சொன்னாலும் எழுந்திருக்காதே" என்றேன்.

ஒன்றரை மணி இருக்கும். மேசையில் ஊசிமருந்து கலந்துகொண்டிருந்தேன்.

கிரீச்...

நிமிர்ந்தேன். ஏழாம் படுக்கையின் காலடியில் ஒரு பெண் குனிந்து நின்றாள். நிதானமாகக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மருமகன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் இருந்த பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை.

"யாரும்மா நீங்க? கையை எடுங்க. அவரு படுக்கக் கூடாது."

அவள் நிமிர்ந்தாள். ஒல்லியான உடம்பு. தாடையிலிருந்து தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. உடம்பில் ஆஸ்பத்திரி அங்கி. எங்கள் அங்கி வெள்ளை. அவளுடையது வெளிர்பச்சை. புதிதாக வாங்கியிருப்பார்கள், நமக்கு எதைத்தான் சொல்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் அலுத்துக்கொண்டேன்.

"தூங்கி நாலு நாளாச்சு சிஸ்டர்," என்றாள். "பாவம்."

எரிச்சலோ பிடிவாதமோ இல்லாத குரல். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

"பாவம் பாத்தா செத்துடுவாரும்மா. உங்க பக்கம் போங்க."

மெதுவாக நடந்து, நடுக்கதவைத் தாண்டிப் போனாள். நான் படுக்கையை நிமிர்த்தினேன். மருமகனின் தோளைத் தட்டினேன். உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறான். கண்ணைத் திறந்துகொண்டு.

நேராகப் பெண்கள் பக்கம் போனேன். அங்கே இருந்த நர்ஸ் என்னைவிடச் சின்னவள், வாய் கொஞ்சம் நீளம்.

"உன் பேஷண்டை ஏன்டி என் வார்டுல மேயவிடறே?"

"யாருக்கா?"

"தாடைக்கட்டுப் போட்ட அம்மா. இப்பதான் வந்தாங்களே."

"என்கிட்ட தாடைக்கட்டே கிடையாதுக்கா. நாலு பேர்தான் இருக்காங்க, நாலும் தூங்குது. நீங்க மொதல்ல ஒரு டீ குடிங்க."

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுத்தான் திரும்பினேன். பாதி வழியில் என் கால் நின்றுவிட்டது.

அந்தக் கட்டு...

தாடைக்கட்டு நான் ஆயிரம் போட்டிருப்பேன். எங்கள் வார்டில் முடிச்சு எப்போதும் பக்கவாட்டில், காதுக்கு மேலே வரும். உச்சியில் வந்தால் தலையைச் சாய்க்கும்போது உறுத்தும். அந்தப் பெண்ணுக்கு முடிச்சு உச்சந்தலையில் இருந்தது.

உச்சியில் முடிச்சுப் போடுவதும் எனக்குத் தெரியும். அதையும் என் கையால் போட்டிருக்கிறேன். வாய் பிளந்துகொள்ளாமல் இருக்க, உறுத்தினாலும் சொல்ல முடியாதவர்களுக்கு அப்படிப் போடுவோம்.

இன்னொன்றும் உறைத்தது. தாடையைக் கட்டியவர்களுக்குப் பேச்சு குழறும். அவள் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகப் பேசினாள். பேசும்போது தாடை அசைந்ததா? நினைத்து நினைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மூன்று இரவு தூங்காத மூளை, அதற்கு என்ன வேண்டுமானாலும் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு காரியம் செய்தேன். ஏழாம் படுக்கையின் கைப்பிடியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். இரும்பு. கனத்தது. கைப்பிடி இல்லாமல் யாரும் அந்தப் படுக்கையை இறக்க முடியாது. மனிதனோ வேறெதுவோ, சுற்றுவதற்கு ஒன்று வேண்டுமே.

லாரிக்காரரிடம் போய்ச் சொன்னேன். "விடியற வரைக்கும்தான் அண்ணா. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருங்க." சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, பாவம், அந்த மனிதரால் பல்லைக் கடிக்கத்தான் முடியும், பிரிக்கத்தான் முடியாது. அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. ஏதோ சொல்லப் பார்த்தார். "ம்... ம்..." என்ற சத்தம்தான் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. வலி என்று நினைத்தேன்.

இரண்டு ஐம்பது.

மூன்றாம் படுக்கைக்குக் குளுக்கோஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கிரீச்...

என் கை தானாகப் பைக்குள் போனது.

கைப்பிடி என் பையில்தான் இருந்தது.

கிரீச்... கிரீச்...

திரும்பினேன். ஏழாம் படுக்கை தட்டையாகக் கிடந்தது. அதன்மேல் லாரிக்காரர் மல்லாந்து கிடந்தார். மார்பு ஏறுகிறது, காற்று போகவில்லை. உதடு நீலம். மருமகன் படுக்கை ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். யாரோ அவன் தலைக்கடியில் போர்வையை மடித்து வைத்திருந்தார்கள். அழகாக. நாலு மூலையும் சேர்த்து.

என் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியாது. ஓடினேன். அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. என்னைப்போல் இரண்டு மடங்கு ஆள். "எழுந்திரு" என்று நான் கத்திய கத்தலில் மருமகன் துள்ளி எழுந்தான். இரண்டு பேருமாக நிமிர்த்தினோம். மணியை அடித்தேன்.

சின்ன டாக்டர் ஓடிவந்தார். ட்ரேயைத் திறந்தார். கத்தியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்..."

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பல்லிடுக்கு வழியாக விட்டேன்.

காத்திருந்தோம்.

ஹ்ஹாக்...

காற்று உள்ளே போனது. இன்னொரு முறை. இன்னொரு முறை. உதடு மெல்லச் சிவந்தது. டாக்டர் கத்தியை ட்ரேயில் வைத்தார்.

"யாரு படுக்க வெச்சது?"

நான் பையிலிருந்து கைப்பிடியை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், படுக்கையைப் பார்த்தார். "ஸ்க்ரூ லூசா இருக்கும்," என்றார். பட்டையை அசைத்து, அடைப்பை நீக்கி, காயத்தைக் கழுவிவிட்டுப் போனார். காலையில் ரிப்பேர்காரன் வந்து பார்த்தான். ஸ்க்ரூ ஒன்றும் லூசாக இல்லை.

அதற்குப் பிறகு நான் படுக்கையை நம்பவில்லை. லாரிக்காரருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் முதுகும் அவர் முதுகும் ஒட்டியிருந்தன. படுக்கை இறங்கினாலும் அவர் சாய முடியாது. மருமகனை எதிரில் நிற்கவைத்தேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். அவன் பாவம், தெரிந்த பாட்டையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

மூன்றரை மணி.

பாட்டு நின்றது.

நின்றபடியே தூங்கிவிட்டான்.

விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு மட்டும்... உள்ளே... வெளியே...

என் வலது காதுக்குப் பக்கத்தில் குளிர்ந்தது.

"நீங்களும் தூங்கி மூணு நாளாச்சு இல்ல..."

அதே குரல்.

"கொஞ்சம் படுங்க சிஸ்டர். நான் பாத்துக்கறேன்."

நான் திரும்பவில்லை.

இங்கேதான் நீங்கள் என்னை நம்ப வேண்டும். அந்த நிமிடம் எனக்கு வந்தது பயம் இல்லை. ஆசை.

சரி என்று சொல்லத் தோன்றியது. அந்த இடத்திலேயே சாய்ந்துவிடத் தோன்றியது. பெற்ற தாய்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

கண் மூடியது...

முதுகில் ஓர் இடி. லாரிக்காரர் பின்னந்தலையால் என் தலையில் முட்டினார். ஓங்கி. இன்னொரு தடவை.

கண்ணைத் திறந்தேன்.

விடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தோம். நான் சாய்ந்தால் அவர் முட்டினார். அவர் சாய்ந்தால் நான் முட்டினேன். குரல் மறுபடியும் வரவில்லை. ஜன்னல் வெளுத்தபோது காற்றாடிச் சத்தம் திரும்ப வந்தது. பகல் நர்ஸ் உள்ளே வந்து எங்களைப் பார்த்து, "என்னக்கா இது கோலம்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் இரண்டு நாள் லீவு போட்டேன். தூங்கினேன். திரும்பி வந்தபோது லாரிக்காரர் தேறியிருந்தார். வீக்கம் வடிந்து கழுத்து தனியாகத் தெரிந்தது. பட்டையை எடுத்துவிட்டார்கள். காரணமான பல்லையும் பிடுங்கியாயிற்று. அரை விரல் நுழையாத வாய் இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது. எங்கள் வார்டில் வாயை விரலால்தான் அளப்போம். இரண்டு விரல் என்றால் கஞ்சி குடிக்கலாம், பேசலாம்.

அன்று காலை பெரிய டாக்டர் அவரிடம், "இனிமே தாராளமா படுத்துத் தூங்கலாம். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் நான் கட்டு மாற்றப் போனபோதும் அவர் உட்கார்ந்தே இருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. மருமகன் மருந்து வாங்கப் போயிருந்தான்.

"டாக்டர்தான் சொல்லிட்டாரே. படுங்களேன் அண்ணா."

சொன்னதும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு வந்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

மருமகன் வருகிறானா என்று வாசலைப் பார்த்தார். பிறகு வாயைக் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"என் பொஞ்சாதி."

நான் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஆறு வருஷம் ஆச்சு சிஸ்டர். வேற ஊரு, வேற ஆஸ்பத்திரி. இதே வீக்கம். இதே கடைவாய்ப் பல். படுக்க வைக்காதேன்னு அங்கேயும் சொன்னாங்க. நான் ரெண்டு ராத்திரி வண்டி ஓட்டிட்டு நேரா அங்க வந்திருந்தேன். அவளுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் கட்டில் கம்பியில மோதிரத்தால தட்டுவா. நான் எழுந்து பிடிச்சுக்கணும். தட்டுவா, எழுவேன். தட்டுவா, எழுவேன். ராத்திரி பூரா."

எச்சிலைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"பாவம் பாத்து படுக்க வெச்சேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். என் மககிட்டயும் அதான் சொன்னேன். பாவம் இல்ல சிஸ்டர். எனக்குத் தூக்கம் வந்துச்சு. கொஞ்சம் படு, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு, கைப்பிடியைச் சுத்தி இறக்கிட்டேன். அவ என் கையைப் பிடிச்சா. எடுத்து விட்டுட்டேன். கொஞ்ச நேரம் தட்டிக்கிட்டே இருந்தா. நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அப்புறம் தட்டல."

அவரே தொடர்ந்தார்.

"நல்லா தூங்கினேன்."

தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நல்லபடியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அவங்க கோவமா வந்திருக்காங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"கோவமா வந்தா காலைப் பிடிச்சாவது சமாளிச்சுடுவேன் சிஸ்டர். அவ பாசமா கூப்பிடறா. தினம் கூப்பிடறா. எத்தனை நாளைக்கு நான் உக்காந்தே இருக்க முடியும்?"

மறுநாள் காலை மருமகன் வண்டி பிடித்துவந்து அவரைக் கூட்டிப்போனான். பதினோரு நாள் கழித்து, தையல் பிரிக்க அவர் வரவேண்டிய தேதியில், மருமகன் மட்டும் வந்தான். மீதி மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"மாமா தவறிட்டாரு சிஸ்டர். புண்ணெல்லாம் ஆறி நல்லாத்தான் இருந்தாரு. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நாற்காலியிலதான் தூங்குவாரு, படுக்கவே மாட்டேன்னு பிடிவாதம். முந்தாநாள் காலையில பாத்தா கட்டில்ல மல்லாந்து படுத்திருந்தாரு. வலி இருந்த மாதிரியே தெரியல. முகம் அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு."

பிறகு தயங்கிக் கேட்டான்.

"ஒண்ணு மட்டும் புரியல சிஸ்டர். நாங்க யாரும் போய்ப் பாக்கறதுக்கு முன்னாலயே, அவருக்குத் தாடையைக் கட்டி, உச்சியில முடிச்சுப் போட்டிருந்துச்சு. அதை யாரு கட்டினாங்கன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியல."